மண்டபத் தரைக்கு மார்பிளா, கிரானைட்டா?



"மார்பிளையே ஒருத்தர் உபயமா தர்றேங்கிறாரு. கமிட்டி ஏன் கிரானைட்டுதான்னு ஒத்தக்கால்ல நிக்குது?" ரெண்டு வாரமா நம்ம ஆலய வாட்ஸ்அப் குழுவுல இந்தக் கேள்விதான் ஓடுது. கூட்டத்துல பேசினது பாதிப் பேருக்குப் போய்ச் சேரல. உபயகாரர் மனசை நாங்க புண்படுத்திட்டோம்னு சிலர் வருத்தப்பட்டாங்க. அதனால நடந்ததையும் நாங்க தெரிஞ்சுக்கிட்டதையும் முழுசா எழுதிடறேன். வேற ஊர்ல திருப்பணி வேலை பார்க்கிறவங்களுக்கும் பயன்படும். பதிவு நீளம்தான், பொறுமையாப் படிங்க.

முதல்ல ஒண்ணு தெளிவாச் சொல்லிடறேன். இது கர்ப்பக்கிரகத்துக்கோ அர்த்தமண்டபத்துக்கோ போடுற கல் இல்ல. அது ஸ்தபதியும் குருக்களும் ஆகமப்படி முடிவு பண்ற விஷயம். நாம பேசுறது பக்கத்துல எழும்பிக்கிட்டிருக்கிற ரெண்டு மாடிக் கட்டடம். கீழே அன்னதானக்கூடம், வாடகைக்கு விடப்போற ரெண்டு கடை. மேலே கல்யாண மண்டபம். குருக்கள் சம்பளம், கரண்ட் பில், ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்புப் பிள்ளைங்களுக்கான புத்தகம் எல்லாம் இந்தக் கட்டடத்து வாடகையிலதான் வரணும். கோவில் வளாகத்துல இருந்தாலும் இது வியாபாரக் கட்டடம். ஓட்டல் கட்டுறவரும் ஆபீஸ் கட்டுறவரும் கல்லு வாங்கும்போது என்ன கணக்குப் போடுவாங்களோ, அதையே நாமும் போட்டாகணும். தரையைப் பாலிஷ் போட மண்டபத்தை ஒரு வாரம் மூடினா அந்த வார வாடகை போச்சு.

ஆனா ஓட்டல் தரையில விழாத பல சாமான் நம்ம தரையில விழும். கல்யாணப் பந்தியில ரசம், மோர், எலுமிச்சை ஊறுகாய். ஆரத்தித் தட்டுல மஞ்சளும் சுண்ணாம்பும் கரைச்ச தண்ணி. சந்தனம், குங்குமம், நல்லெண்ணெய். கார் பூசைக்கு வந்தவங்க கையில எலுமிச்சம்பழம், திருஷ்டி பூசணிக்காய். உடைச்ச தேங்காய்த் தண்ணி. செவ்வாய், வெள்ளி ராகு காலத்துல துர்க்கை அம்மனுக்கு எலுமிச்சை விளக்கு போடுறவங்க, மழை வந்தா தட்டோட இந்தக் கூடத்துக்குத்தான் ஓடி வருவாங்க. இதுக்கு மேல இரும்பு நாற்காலியை இழுக்குற சத்தம், சாப்பாட்டு டிராலி, கார் பார்க்கிங்ல இருந்து ஈரக் காலோட ஒட்டி வர்ற மணல். இதையெல்லாம் மனசுல வச்சுக்கிட்டுத்தான் கல்லைப் பார்க்கணும்.

இப்ப ரெண்டு கல்லுக்கும் என்ன வித்தியாசம்னு பார்ப்போம். தைப்பூசத்துக்கு நாம போற ரெண்டு மலையை நினைச்சுக்கிட்டா போதும்.

பத்துமலை சுண்ணாம்புக்கல் மலை. மழைத்தண்ணி காத்துலயும் மண்ணுலயும் இருக்கிற கரியமில வாயுவைச் சேர்த்துக்கிட்டு லேசான அமிலமா மாறும். அந்தத் தண்ணி லட்சக்கணக்கான வருஷமாக் கசிஞ்சு கசிஞ்சு கல்லைக் கரைச்சதாலதான் அங்க அவ்வளவு பெரிய குகை உண்டாச்சு. ஈப்போ கல்லுமலையும் அதே ஜாதிக் கல்தான். இந்தச் சுண்ணாம்புக்கல் பூமிக்குள்ள சூட்டுலயும் அழுத்தத்துலயும் மாறி இறுகினாத்தான் மார்பிள். அதனாலதான் ஈப்போ பக்கம் மார்பிளும் கிடைக்குது. எவ்வளவு பளபளப்பாத் தேய்ச்சாலும் அது அடிப்படையில கால்சியம் கார்பனேட். புளிப்பு பட்டா கரையும். குகை உண்டாக லட்சம் வருஷம் ஆச்சு. ஆனா எலுமிச்சைச் சாறு மழைத்தண்ணியை விடப் பல மடங்கு புளிப்பு. அது தரையோட பாலிஷைக் கெடுக்கச் சில நிமிஷம் போதும்.

பினாங்கு தண்ணீர்மலை வேற மாதிரி. அந்தத் தீவே பெரும்பாலும் கிரானைட்டு. நம்ம தீபகற்பத்தோட முதுகெலும்பா ஓடுற தித்திவங்சா மலைத்தொடரும் அப்படித்தான். பூமிக்குள்ள உருகிக் கிடந்த குழம்பு மெதுவா ஆறி இறுகினது கிரானைட். குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் கலந்த கல். எலுமிச்சை, தயிர், புளி இதையெல்லாம் சட்டையே பண்ணாது.

கடினத்தை 1 முதல் 10 வரைக்கும் அளக்குறதுக்கு மோஸ் அளவுன்னு ஒண்ணு இருக்கு. மார்பிள் அதுல சுமார் 3. கிரானைட் 6, 7. இதுல நமக்கு முக்கியமான விஷயம், சாதாரண மணல்ல இருக்கிற குவார்ட்ஸும் 7. அதாவது பக்தர் காலோட வர்ற மணல் மார்பிளை விடக் கெட்டி. நாம நடக்க நடக்க அது உப்புத்தாள் மாதிரி தேய்ச்சுக்கிட்டே இருக்கும். கிரானைட்டுல அந்தத் தேய்மானம் ரொம்ப மெதுவாத்தான் நடக்கும்.

சரி, புத்தகத்துல இருக்கிறதைச் சொன்னா யாரு நம்புவாங்க? கல்லுக்கடைத் தவுக்கேகிட்ட துண்டுகள் கேட்டோம். நல்ல மனுஷன், நாலு துண்டு கொடுத்தாரு. வெள்ளை மார்பிள், வெண்ணெய் நிற மார்பிள், இளஞ்சாம்பல் கிரானைட், கறுப்பு கிரானைட். மடப்பள்ளிக்குப் பின்னாடி பெஞ்சுல வரிசையா வச்சு, ஒவ்வொண்ணுலயும் எலுமிச்சைச் சாறு, தயிர், ரசம், மஞ்சள் குழைச்ச நல்லெண்ணெய் எல்லாத்தையும் ஒரு கரண்டி ஊத்தி ராத்திரி முழுக்க விட்டோம்.

காலையில துடைச்சுப் பார்த்தா, ரெண்டு மார்பிள்லயும் எலுமிச்சை பட்ட இடம் வட்டமா மங்கிப் போயிருந்துச்சு. விரலால தடவினாலே சொரசொரப்பு தெரியுது. ரசமும் தயிரும் பட்ட இடத்துலயும் அதே கதை, கொஞ்சம் லேசா. மஞ்சள் பளிச்சுன்னு ஒட்டிக்கிச்சு.

கிரானைட்டும் சுத்தமாத் தப்பிக்கல. அதையும் சொல்லணும். எலுமிச்சை அதை ஒண்ணும் பண்ணல. ஆனா இளஞ்சாம்பல் துண்டுல எண்ணெய் இறங்கி கறுப்புத் திட்டு விழுந்துடுச்சு. கிரானைட்டுலயும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துளை உண்டு, எண்ணெயை உறிஞ்சும். ஆப்பச்சோடாவைத் தண்ணியில கெட்டியாக் குழைச்சு அந்த இடத்துல அப்பி, பிளாஸ்டிக் தாள் போட்டு மூடி ஒரு நாள் விட்டோம். அப்படி ரெண்டு மூணு தடவை பண்ணினதும் எண்ணெய் வெளிய வந்துடுச்சு. மஞ்சள் கறை பட்ட மார்பிளை வெயில்ல வச்சோம், மஞ்சள் கொஞ்சம் கொஞ்சமா வெளுத்துச்சு. ஆனா எலுமிச்சை போட்ட வட்டம் எதுக்கும் போகல. ஏன்னா அது கறை இல்ல. கறைன்னா வெளியில இருந்து ஒட்டினது, எடுத்துடலாம். இது அரிப்பு. அந்த இடத்துல கல்லே போயிடுச்சு. மறுபடி மெஷின் வச்சுத் தேய்ச்சுப் பாலிஷ் போட்டாத்தான் சரியாகும்.

"சீலர் அடிச்சா சரியாப் போயிடும்"னு ஒரு கான்ட்ராக்டர் சொன்னாரு. அதையும் பார்த்தோம். சீலர் அடிச்ச மார்பிள்ல எண்ணெயும் மஞ்சளும் அவ்வளவா இறங்கல. எலுமிச்சை மட்டும் பழையபடி வட்டம் போட்டுடுச்சு. சீலர் கறையைத் தடுக்கும், அரிப்பைத் தடுக்காது. இந்த ஒரு வரியை மட்டுமாவது நினைவுல வச்சுக்குங்க.

இந்தத் துண்டுகளைக் கூட்டத்துல மேசை மேல வச்சோம். அப்பவும் பேச்சு நிக்கல. "பார்த்துப் பார்த்துத் துடைச்சா மார்பிளும் நல்லாத்தான் இருக்கும்"னாங்க. அப்ப, நம்ம ஆலயத்துல தரை துடைக்கிற அக்கா ஒருத்தர் வாசப்படி ஓரமா நின்னுக்கிட்டிருந்தவங்க, தலைவரைப் பார்த்துக் கேட்டாங்க: "ஐயா, கல்யாணச் சாப்பாடு முடிய ராத்திரி பதினோரு மணி ஆகுது. எங்களுக்குக் கடைசி பஸ் அதுக்கு முன்னாடியே போயிடும். மறுநாள் காலையிலதான் வந்து துடைப்போம். அதுவரைக்கும் ரசம் அங்கேயேதான் கிடக்கும். உங்க கல்லு தாங்குமா?"

யாரும் பேசல. எனக்குத் தெரிஞ்சு அதுதான் அந்தக் கூட்டத்துல கேட்ட கேள்வியிலேயே சரியான கேள்வி. தரைக்குக் கல் எடுக்கிறப்போ நாம கும்பாபிஷேகத்தன்னிக்கு எப்படி இருக்கும்னு யோசிக்கிறோம். அடுத்த கும்பாபிஷேகம் வர 12 வருஷம் ஆகும். அத்தனை வருஷமும் தினமும் அந்தத் தரை முன்னாடி குனியப் போறவங்க யாரோ, அவங்களைத்தான் முதல்ல கேட்டிருக்கணும்.

அடுத்து வழுக்கல். இதுல நிறைய பேர் "கிரானைட் வழுக்காது"ன்னு நினைக்கிறாங்க. அது சரி இல்ல. கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்ட எந்தக் கல்லும் தண்ணி பட்டா வழுக்கும், மார்பிளானாலும் சரி, கிரானைட்டானாலும் சரி. நம்ம பழைய அன்னதானக்கூடத்துல கை கழுவுற இடத்துக்கிட்ட ஒரு பாட்டி விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சது பலருக்கு நினைவிருக்கும். வாராவாரம் வெள்ளிக்கிழமை பூ தொடுக்க வந்தவங்க, அதுக்கப்புறம் கோவில் படியே ஏறல. அங்க இருந்தது பளபளன்னு இருந்த டைல்ஸ்தான். அதனால கல்லோட பேரை மட்டும் கேட்டாப் போதாது, மேல்பரப்பு எப்படின்னு கேட்கணும்.

கிரானைட்டுல இதுக்கு ஒரு வசதி இருக்கு. மேல்பரப்புல நெருப்புச் சுவாலையை ஓட்டினா குவார்ட்ஸ் மணிகள் சூட்டுல விரிஞ்சு பொரிஞ்சு, பரப்பு சொரசொரப்பா ஆகிடும். தண்ணியிலயும் கால் பிடிக்கும். கால் கழுவுற இடம், வெளிப்படி, கை கழுவுற தொட்டி ஓரம் எல்லாத்துக்கும் இது பொருத்தம். மார்பிளுக்கு இந்த முறை ஒத்து வராது.

ஆனா எல்லா இடத்துலயும் சொரசொரப்பு போட்டுட முடியாது. அங்கப்பிரதட்சணம் பண்றவங்களை நினைச்சுப் பாருங்க. உருண்டு வர்றவங்க முதுகும் முட்டியும் உரிஞ்சு போயிடும். அதனால நடக்குற பாதைக்கும் கூடத்துக்கும் பாலிஷும் இல்லாம, சொரசொரப்பும் இல்லாம நடுத்தரமா மழுப்பின பரப்பு. பக்தர்கள் வெறுங்காலோட நடக்கிற இடத்துல இது ரொம்ப முக்கியம்.

நிறமும் சும்மா அழகுக்கு மட்டும் இல்ல. கூரை இல்லாத பிரகாரத்துல கறுப்பு கிரானைட் போட்ட ஒரு இடத்துல நம்ம ஊர் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு நடந்து பாருங்க. தீமிதி பண்ண விரதமே தேவையில்ல. கறுப்பு வெயிலை உள்வாங்கிச் சுடும். வெளியில போடுறதுன்னா இளஞ்சாம்பல், வெளிர் நிறம்தான். உள்ளே கறுப்பு போடலாம், ஆனா திருநீறும் கோலமாவும் சிந்தினா ஒவ்வொரு காலடியும் தெரியும்.

விலைக்கு வருவோம். பொதுவா நல்ல இத்தாலி வெள்ளை மார்பிள்தான் விலை கூட, ஆனா கிரானைட்டுலயும் விலை உயர்ந்த ரகம் இருக்கு. கல்லோட விலை மட்டும் கணக்கு இல்ல. ஒரு சதுர அடிக்கு 5 ரிங்கிட் வித்தியாசம்னு வச்சுக்குங்க, 3,000 சதுர அடிக்கு 15,000 ரிங்கிட். இது ஒரு தடவைச் செலவு. மார்பிளை நல்லா வச்சுக்கணும்னா ஆள் நடமாட்டம் அதிகமான இடத்துல சில வருஷத்துக்கு ஒரு தடவை மெஷின் வச்சுத் தேய்ச்சுப் பாலிஷ் போடணும். அப்பல்லாம் மண்டபத்தை மூடணும். அந்த வாடகை நஷ்டத்தையும் சேர்த்துத்தான் மார்பிளோட விலையைச் சொல்லணும். இலவசமா வந்த மார்பிளுக்கும் இந்தச் செலவு உண்டு. அதுக்கு உபயகாரர் கிடைக்க மாட்டாரு, ஆலயந்தான் கொடுக்கணும்.

மார்பிளைக் குறை சொல்லணும்னு எனக்கு ஆசை இல்ல. வடநாட்டுக் கோவில்கள்ல ராதாகிருஷ்ணரும் லட்சுமி நாராயணரும் வெள்ளைப் பளிங்குல சிரிக்கிற அழகு தனி. மிருதுவான கல், அதனால நுணுக்கமாச் செதுக்க வரும். அந்த மூர்த்திகளுக்குப் பெரும்பாலும் அலங்காரம்தான் பிரதானம். நம்ம முறையில பால், தயிர், பஞ்சாமிர்தம், எலுமிச்சைச் சாறுன்னு அபிஷேகம் நடக்கும், அதைத் தாங்குறது கருங்கல். தஞ்சைப் பெரிய கோவில் 1010-ல கட்டி முடிச்சது, முழுக்க கிரானைட். ஆயிரம் வருஷ மழையும் வெயிலும் பார்த்து நிக்குது.

கூட்டத்துல இன்னொருத்தர், "அப்ப மார்பிளைக் கட்டடத்து முன்பக்க வெளிச்சுவருக்குப் போடலாமே"ன்னாரு. அதுக்கு வியாபாரக் கட்டட உலகத்துலயே பெரிய பாடம் ஒண்ணு இருக்கு. அமெரிக்காவுல சிகாகோ நகரத்துல ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனி 83 மாடிக் கட்டடம் ஒண்ணு 1970-கள்ல கட்டினாங்க. வெளிச்சுவர் முழுக்க இத்தாலி கராரா மார்பிள், மெல்லிசாச் சீவின பலகைகள். வெயிலும் குளிரும் மாறி மாறி அடிச்சதுல பலகைகள் அப்பளம் மாதிரி வளைய ஆரம்பிச்சுடுச்சு. ஒரு பலகை கழண்டு பக்கத்துக் கட்டடத்துக் கூரையில விழுந்துச்சு. கடைசியில 1990 முதல் 1992 வரைக்கும் மொத்தத்தையும் உரிச்செடுத்துட்டு வெள்ளை கிரானைட் போட்டாங்க. செலவு 80 மில்லியன் டாலருக்கு மேல. நமக்கு அந்தக் குளிர் இல்லதான். ஆனா நம்ம ஊர் அடைமழையும் வெயிலும் வெள்ளை மார்பிளைச் சும்மா விடாது. பாசி பிடிக்கும், பளபளப்பு போகும். சில மார்பிள்ல இரும்புச்சத்து இருந்தா மஞ்சள் துரு கோடு கோடா வெளிய வரும். சாரம் கட்டிச் சுத்தம் பண்ண யாரு வருவாங்க?

இப்ப உபயகாரர் விஷயம். அவர் அம்மா பல வருஷம் நம்ம மடப்பள்ளியில சமைச்சவங்க. வெள்ளைன்னா சுத்தம், அம்மா நினைவா வெள்ளைத் தரை போடணும்னு அவருக்கு ஆசை. அது பெரிய மனசு. அதை யாரும் அவமானப்படுத்தல. தலைவரும் நானும் அந்த மார்பிள் துண்டை எடுத்துக்கிட்டு அவர் வீட்டுக்கே போனோம். ரசம் பட்ட வட்டத்தை அவர் விரலால ரெண்டு மூணு தடவை தடவிப் பார்த்தாரு. கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "எங்கம்மா வச்ச ரசம் பட்டே எங்கம்மா பேருல போட்ட தரை கெட்டுப்போகும் போலிருக்கே"ன்னு சிரிச்சாரு. சிரிக்கும்போதே கண்ணு கலங்கிடுச்சு.

முடிவு இதுதான். அவர் கொடுக்கிற மார்பிள் மேல்மாடி மண்டப நுழைவாயில்ல, பிள்ளையார் படத்துக்குப் பின்னாடி இருக்கிற உட்சுவருக்குப் போகுது. தரையில இருந்து இடுப்பு உயரத்துக்கு மேல. அங்க மணலும் படாது, ரசமும் படாது. அம்மா பேரும் அங்கேயே பொறிக்கப்படும். உள்ளே வர்றவங்க கண்ணு முதல்ல படுற இடம் அது. தரைக்கு மழுப்பின இளஞ்சாம்பல் கிரானைட். அதுக்கு ஒரு சதுர அடி உபயம்னு வச்சிருக்கோம். தோட்டத்துல இருந்து வந்து குடியேறின குடும்பங்க, டாக்சி ஓட்டுறவங்க, ஃபேக்டரி வேலைக்குப் போற பிள்ளைங்க எல்லாரும் ஆளுக்கு ஒரு அடி, ரெண்டு அடின்னு எழுதுறாங்க. அப்படி வர்ற காசுல வாங்குற கல் என்பதாலதான் இவ்வளவு யோசிச்சோம்.

மத்த ஆலயங்கள்ல இந்த வேலையில இறங்குறவங்களுக்குச் சில குறிப்பு:

1. கடையில சொல்ற பேரை நம்பாதீங்க. "கறுப்பு கிரானைட்"னு விக்கிறதுல பல, கல்லியல் கணக்குல கிரானைட்டே இல்ல, வேற எரிமலைக்குழம்புக் கல் வகை. அது பரவாயில்ல, கெட்டிதான். ஆனா சிலது சுண்ணாம்பு கலந்த கல்லாவும் இருக்கும். ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பதினைந்து நிமிஷம் பாருங்க. மங்கினா வேணாம்.

2. மங்கலான கல்லுக்குச் சாயம் பூசிக் கறுப்பாக்கி விக்கிறதும் உண்டு. வெள்ளைத் துணியில அசிட்டோன் தொட்டுத் துடைங்க, நகப்பாலிஷ் எடுக்கிற சாமான்தான். துணி கறுத்தா அது சாயம்.

3. ரெண்டு கல்லும் எடையில கிட்டத்தட்ட ஒண்ணுதான். 20 மில்லிமீட்டர் கனத்துல ஒரு சதுர மீட்டர் 50 கிலோவுக்கு மேல வரும். மேல்மாடிக்குப் போடுறதுக்கு முன்னாடி இன்ஜினியரைக் கேட்டுக்குங்க.

4. மொத்தக் கல்லையும் ஒரே லாட்டுல எடுங்க. பத்துப் பன்னிரண்டு பலகை கூடுதலா வாங்கிப் பத்திரப்படுத்துங்க. பின்னாடி உடைஞ்சா அதே நிறம் தேடினாலும் கிடைக்காது.

5. கிரானைட்டுக்கும் சீலர் அடிங்க. அப்பப்போ ஒரு சொட்டுத் தண்ணி விட்டுப் பாருங்க. பத்து நிமிஷத்துல கல் கறுத்து உறிஞ்சினா மறுபடி அடிக்க நேரம் வந்தாச்சு.

6. எங்கேயாவது மார்பிள் இருந்தா கழிவறைக்கு ஊத்துற ஆசிட்டை அதுக்கிட்ட கொண்டே போகாதீங்க. மிதமான சோப்புத் தண்ணி போதும். துடைக்கிறவங்களுக்கு இதைத் தமிழ்ல எழுதி ஒட்டி வையுங்க.

7. முடிவு எடுக்கிற கூட்டத்துக்குத் தரை துடைக்கிறவங்களையும், வயசான பக்தர் ஒருத்தரையும் கூப்பிடுங்க. அவங்களை ஈரத் துண்டு மேல வெறுங்காலோட நிக்கச் சொல்லுங்க, பக்கத்துல கைத்தாங்கலா ஒருத்தர் நிக்கட்டும். கேட்லாக் சொல்லாததை அவங்க கால் சொல்லும்.

பட்ஜெட் இடிச்சா ஹோமோஜீனியஸ் டைல்ஸும் மோசம் இல்ல. அதுவும் புளிப்புக்கு அசையாது. ஆனா பளபளப்பு ரகம் மட்டும் வேணாம், காரணம் மேலே சொல்லிட்டேன்.

துண்டுகள் எல்லாம் ஆலய அலுவலகத்துல வச்சிருக்கோம். வர்ற ஞாயிறு உச்சிகால பூசை முடிஞ்சதும் யார் வேணும்னாலும் வந்து தொட்டுப் பார்க்கலாம், எலுமிச்சம்பழமும் அங்கேயே இருக்கும். சதுர அடி உபயம் எழுத விரும்புறவங்க பொருளாளர்கிட்ட ரசீது வாங்க மறந்துடாதீங்க. உங்க ஊர் ஆலயத்துல தரை போட்ட அனுபவம் இருந்தா, நல்லதோ கெட்டதோ, கீழே எழுதுங்க. கல் ஆர்டர் கொடுக்க இன்னும் நாள் இருக்கு.